விற்றுப்போன மதில்

சிட்னியில் மெரிலேண்ட்ஸில் உள்ள ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாசலில், காலையிலும் பின்னேரத்திலும் வட்டப் பலகையொன்றை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்பதுதான் சிவமணியின் வேலை. பலகை உயர்ந்தால் வண்டிகள் நிற்க வேண்டும், பிள்ளைகள் கடந்து போவார்கள். மழைக்கு மழைக்கோட்டு, வெயிலுக்கு அகன்ற தொப்பி, இரண்டுக்கும் பொதுவாக ஒரு முறைப்பு. மணலும் கல்லும் ஏற்றிவரும் பெரிய லொறிக்காரர்கள் பலகைக்கு நிற்பதில்லை, அந்த முறைப்புக்குத்தான் நிற்கிறார்கள் என்று பெற்றோர் பகிடியாகச் சொல்வதுண்டு. ஆள் ஐந்தடிக்கும் குறைவு. நெற்றியில் பொட்டு, காலில் கனத்த சப்பாத்து, மேலே மினுங்கும் மஞ்சள் சட்டை.

இப்படிப்பட்டவளிடம் போய், மதில் கட்டியே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தால் என்ன நடக்கும் என்பதைக் கைவிளக்கு நலன்புரிச் சங்கத்தின் தலைவர் வரதராஜா கொஞ்சமாவது முன்கூட்டியே யோசித்திருக்கலாம். அவர் யோசிக்கவில்லை. யோசிக்காதவர் அவர் ஒருவர்தான் என்றும் சொல்ல முடியாது.

மகள் மயூராவை அவள் வேலை பார்த்த நிறுவனம் நைரோபிக்கு அனுப்பியிருந்த காலம் அது. தாயையும் தகப்பனையும் வந்து சிங்கம் பார்க்கும்படி மயூரா கூப்பிட்டாள். தகப்பன் இந்திரகுமாருக்கு லீவு கிடைக்கவில்லை, சிவமணி மட்டும் போனாள். சிங்கம் பார்க்கப் புறப்பட்ட வான் பாதி வழியில் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. சாரதி வானுக்கு அடியில் புகுந்தார். மயூரா கைபேசியைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடினாள். சும்மா நிற்கத் தெரியாத சிவமணி, தூரத்து மரத்தடியில் பிள்ளைகளின் சத்தம் கேட்டு அந்தப் பக்கமாக நடந்தாள்.

மரக்கிளையில் ஒரு கரும்பலகை கயிற்றால் கட்டித் தொங்கியது. கீழே புழுதியில், மாடு மேய்த்து வாழும் மசாய் இனத்துப் பிள்ளைகள் உட்கார்ந்து கணக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். படிப்பித்தவள் நாஷிபாய் என்ற இளம் ஆசிரியை. கழுத்தில் மணிமாலைகள், கையில் வெண்கட்டி, முதுகில் தூங்கும் குழந்தை. பலத்த காற்று ஒன்று அடித்தது. பலகை சுழன்று மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டது. பிள்ளைகள் கூச்சலே போடவில்லை. எழுந்து மரத்தைச் சுற்றி ஓடிப்போய், பலகையின் முகம் தெரிந்த பக்கத்தில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

சிவமணிக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. யார்மேல் கோபம் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வான் சரியாவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டதால் சிங்கம் பார்க்காமலே திரும்பினாள். மயூராவின் வீட்டுக்குள் நுழைந்ததும், கடைக்குப் போய்ப் பால் வாங்கவேணும் என்கிற தொனியில் சொன்னாள்.

"அங்கை ஒரு பள்ளிக்கூடம் கட்டவேணும்."

சிட்னிக்குத் திரும்பியதும் கேள்விகள் தொடங்கின. கோயிலில் கேட்டார்கள், கலியாண வீட்டில் கேட்டார்கள், மரக்கறிக் கடையில் வெண்டைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். எங்கட பிள்ளையளே வன்னியிலை கூரையில்லாமல் இருக்குதுகள், உனக்கேன் ஆபிரிக்கா? அங்கை ஆராவது உன்னைக் காப்பாத்தினவையோ? ஏதும் நேத்திக்கடனோ?

அவளிடம் சொல்ல ஒரு நல்ல கதை இருந்திருந்தால் எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கும். பாலைவனத்தில் தண்ணீர் தந்தார்கள், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துத் தந்தார்கள் என்று ஏதாவது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வான் பழுதானது, அவ்வளவுதான்.

"வன்னிக்கும் செய்யிறன், இதையும் செய்யிறன்," என்பாள். "நான் கண்டனான். கண்டாப் பிறகு காணாத மாதிரி இருக்க எனக்கு வராது."

அதற்கு மேல் கேட்டவர்களுக்கு அந்த முறைப்புத்தான் கிடைத்தது.

வெளிநாட்டில் கட்டடம் கட்டப் பொதுப்பணம் சேர்க்கப் பதிவுள்ள ஒரு சங்கம் தேவை. சிவமணி கைவிளக்குச் சங்கத்திடம் போனாள். தலைவர் வரதராஜா ஓய்வுபெற்ற கட்டட மதிப்பீட்டாளர். இலங்கையில் இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு ஆய்வுகூடமும் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கட்டில்களும் வாங்கிக் கொடுத்தவர். எழுபது வயதிலும் கூட்டத்துக்குக் கதிரை அடுக்க முதல் ஆளாக வந்து நிற்பார். கெட்ட மனிதர் அல்ல. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போடுவது எவ்வளவு சுலபம்!

திட்டத்தைச் சொன்னது நாஷிபாய். அன்று மரத்தடியில் வாங்கிய இலக்கத்தில், அவளும் சிவமணியும் ஞாயிற்றுக்கிழமைகளில் வட்ஸ்அப்பில் முகம் பார்த்து ஆங்கிலத்தில் பேசுவார்கள். இரண்டு பேருடைய ஆங்கிலமும் இரண்டு திசையிலிருந்து வந்தது என்றாலும் நடுவில் சந்தித்துக்கொண்டது. அந்த ஊர்ப் பெண்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள், காணி அவர்களுடையது. சிட்னிக்காரர் வகுப்பறைகளையும் மழைநீர்த் தொட்டியையும் கட்டித் தந்தால் போதும். ஒவ்வொரு குடும்பமும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிடாரிக் கன்று கொடுக்கும். அந்தப் பட்டியின் பாலும் பிறக்கும் கன்றுகளும் ஆசிரியர்களின் சம்பளம். ஒருமுறை கட்டித் தாருங்கள், பிறகு உங்களிடம் கை நீட்டமாட்டோம் என்றாள் நாஷிபாய். அந்தப் பேச்சு சிவமணிக்குப் பிடித்துப்போயிற்று. பெண்களின் சம்மதம் இல்லாமல் அந்தக் காணியில் ஒரு கல்லும் வைப்பதில்லை என்று இரண்டு சங்கங்களும் கையெழுத்துப் போட்டன.

பிறகு சிவமணி சனி, ஞாயிறெல்லாம் குசினியில் நின்று, உள்ளே கறி வைத்துப் பொரிக்கும் ரோல்ஸ் சுற்றினாள். விற்றாள். நிகழ்ச்சிகளில் மேசை போட்டாள். வகுப்பறைகளுக்கு வேண்டியதில் பாதி சேர்ந்துவிட்டது. மிச்சத்துக்குச் சங்கத்தின் வருடாந்த விருந்தை நம்பியிருந்தார்கள்.

அந்த விருந்து நடந்தபோது அவள் சிட்னியில் இல்லை. நைரோபியிலிருந்து திரும்பிக் கலியாணமும் முடித்து மெல்பேர்னில் டார்னெய்ட்டில் குடியிருந்த மயூராவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. சிவமணி அங்கே பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சரக்கு அரைத்து, பிள்ளையைக் குளிக்க வார்த்து, மகளைச் சாப்பிடவைத்துக்கொண்டிருந்தாள். கிடைத்த ஐந்து நிமிடத்தில் கைபேசியைத் திறந்தபோது விருந்து மேடையின் வீடியோ வந்திருந்தது.

மேடையில் வரதராஜா நின்றார். அவருக்குப் பின்னால் பெரிய திரை. திரையில் ஆபிரிக்க வானம், அதன் கீழே ஒரு பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தைச் சுற்றி நீளமாக, கம்பீரமாக, கேற்றும் தூண்களும் வைத்த மதில்.

"பள்ளிக்கூடமெண்டா முதல் மதில் வேணும்," என்றார் வரதராஜா. "மதிலின்ர ஒவ்வொரு துண்டிலையும் ஒரு கருங்கல்லுப் பலகை. அதிலை தங்க எழுத்திலை உங்கட அப்பா, அம்மா, உங்களுக்கு வேண்டியவை, ஆற்றை பேரெண்டாலும் பதியலாம். காலம் காலமா இருக்கும்."

சோறு பரிமாற முன்னமே மதில் முழுவதும் விற்றுப்போய்விட்டது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் காணி வாங்கியவர் முதலில் வீட்டுக்கு அத்திவாரம் போடமாட்டார், வேலிக்குக் கதியால் தடிகள் நடுவார். ஓலைவேலி ஒரு சாண் நகர்ந்ததற்காகப் பேரப்பிள்ளைகள் காலம்வரை வழக்காடிய குடும்பங்கள் சிட்னியிலும் இருக்கின்றன. எல்லையில்லாத காணியை அவர்களால் கற்பனைகூடச் செய்ய முடியாது. ஆனால் அன்று வாங்கியவர்களை அதற்காக மட்டும் கேலி செய்ய மனம் வரவில்லை. தகப்பன் செத்தபோது விசா இல்லாமல் இங்கே இருந்து அழுதவர்கள், தாயின் சாம்பலைக்கூடக் காணாதவர்கள், அடக்கம் செய்த இடமே தெரியாதவர்கள். பெயரைக் கல்லில் பார்க்கலாம் என்றதும் ஓடிவந்தார்கள். வீடியோவில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மண்டபமே நெகிழ்ந்துபோயிருந்தது.

சிவமணி வீடியோவை நாஷிபாய்க்கு அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல் நாஷிபாய் உடனே அழைத்தாள்.

"இது என்ன சுவர்?"

"பாதுகாப்புக்காம்."

"எங்கள் காணிக்கு ஒரு பக்கம் மேய்ச்சல், மறுபக்கம் தண்ணீர்க் குட்டை. ஊர் மாடுகள் எல்லாம் இதைக் கடந்துதான் தண்ணீருக்குப் போகின்றன. இரவில் கன்றுகளுக்கு முள் அடைப்புப் போடுவோம், அது எங்களுக்குத் தெரிந்த வேலை. சுவர் வந்தால் மாடு வராது. மாடு வராவிட்டால் எந்தக் குடும்பம் கன்று தரும்? கன்று இல்லாவிட்டால் ஆசிரியருக்கு யார் கொடுப்பது? சுவர் மட்டும்தான் நிற்கும்."

நாஷிபாய் கைபேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள். பிறகு கேட்டாள்.

"நீ எனக்குச் சொன்ன பள்ளிக்கூடத்தில் சுவர் இல்லை, இல்லையா?"

"இல்லை," என்றாள் சிவமணி. "வரவும் வராது."

சொல்லிவிட்டாள். இனி அதிலிருந்து இறங்க முடியாது.

சிட்னிக்கு வந்ததும் வரதராஜாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவர் கேட்கவில்லை. சிங்கம் வந்தால், யானை வந்தால், களவு போனால் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். யானைக்கு உங்கட மதில் எம்மாத்திரம் அண்ணை என்றாள். அவர் நேரில் பேசுவோம் என்று வைத்துவிட்டார்.

நேரில் என்றால் வீட்டுக்கு வருவார் என்று நினைத்தாள். மனிதர் பின்னேரம் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கடவைக்கே வந்துவிட்டார். கையில் சுருட்டிய வரைபடம். சிவமணி பலகையைத் தூக்கி நடுத்தெருவுக்குப் போவாள், பிள்ளைகளைக் கடத்திவிட்டு நடைபாதைக்குத் திரும்புவாள், திரும்பும் ஒவ்வொரு முறையும் அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

"சனம் அழுது அழுது தந்தது தங்கச்சி. அதுகளிட்டைப் போய் மதில் இல்லை எண்டு எந்த முகத்தோடை சொல்லுறது?"

"என்ரை முகத்தோடை. நான் சொல்லுறன்."

அவள் நடுத்தெருவுக்குப் போய் வந்தாள். வரதராஜா இப்போது வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். கேற்றுக்குப் பக்கத்தில், உள்ளே நுழைகிற எவருடைய கண்ணிலும் முதலில் படுகிற கல்லை விரலால் தொட்டுக் காட்டினார்.

"சொல்லுறதெண்டா இதையும் வாசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ."

க. குகதாசன் நினைவாக, என்று இருந்தது. உபயம்: இந்திரகுமார்.

குகதாசன் சிவமணியின் அண்ணன். கடைசி யுத்தத்தில் வன்னியில் ஷெல் விழுந்து செத்தவர். எந்த இடம், யார் தாட்டுப் புதைத்தார்கள், எதுவும் தெரியாது. அண்ணனும் இந்திரகுமாரும் ஒரே வகுப்பில் ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவர்கள். அந்தச் சிநேகத்தில் வந்ததுதான் இவர்களின் கலியாணமும். கணவன் மதிலில் கல் வாங்கியிருக்கிறார் என்பதே சிவமணிக்குத் தெரியாது.

அண்ணனின் பெயரை அச்சு எழுத்தில் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. சிவமணி அந்த எழுத்துகளை இன்னொரு முறை வாசித்தாள். அந்தக் கல் வேண்டும் என்று இருந்தது. அந்த ஒரு நிமிடம் மாடுகளும் தண்ணீர்க் குட்டையும் நாஷிபாயும் எங்கேயாவது போகட்டும், இந்தப் பெயர் இருக்கட்டும் என்றுதான் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. தெருவோரத்தில் பிள்ளைகள் கூட்டமாக நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகையைத் தூக்கிக்கொண்டு போனாள். கடைசிப் பிள்ளை கடந்த பிறகும் அவள் பலகையை இறக்காமல் நின்றதில் ஒரு கார்க்காரன் ஹோர்ன் அடித்தான்.

திரும்பி வந்தபோது வரதராஜா வரைபடத்தைச் சுருட்டிவிட்டிருந்தார்.

"யோசியுங்கோ தங்கச்சி," என்றார் மெதுவாக. "வாற ஞாயிறு பொதுக்கூட்டம்."

வீட்டில் இந்திரகுமார் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"குகனண்ணைக்குக் கல்லு வாங்கினனீங்களோ?"

அவர் கேத்திலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நீ வந்த பிறகு சொல்லுவம் எண்டிருந்தனான். உனக்குச் சந்தோசமா இருக்கும் எண்டு நினைச்சன்."

"மதில் வராதப்பா."

"தெரியும். வரதராஜா அண்ணை சொன்னவர்." தேத்தண்ணியை அவள் முன்னால் வைத்தார். "ஆனா அவனுக்கு ஒரு கல் வேணுமெல்லோ, மணி."

அவள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனாள். பிறகு இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருந்தால்கூட அந்தக் கிழமை சீக்கிரம் போயிருக்கும்.

பொதுக்கூட்டம் குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு மண்டபத்தில் காலையில் நடந்தது. வழக்கமாகப் பொதுக்கூட்டத்துக்குக் கதிரைகள்தான் அதிகம் வரும், ஆட்கள் குறைவு. அன்று சுவரோரமாக நிற்கவேண்டியிருந்தது. மதிலில் கல் வாங்கிய எல்லோரும் வந்திருந்தார்கள்.

சிவமணி எழுந்து போய் ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"மதில் கட்டமாட்டம்," என்றாள்.

மண்டபம் இரைந்தது. அவள் பொறுத்து நின்றாள். பிறகு மாடு போகும் வழியையும் தண்ணீர்க் குட்டையையும் கன்றுகள் எப்படிச் சம்பளம் ஆகின்றன என்பதையும் சொன்னாள். மதில் வந்தால் அது ஒவ்வொன்றாக எப்படிச் சரியும் என்பதையும் சொன்னாள்.

"அப்ப எங்கட அப்பான்ரை பேரை மாட்டுக்கோ வைக்கிறது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். பலர் சிரித்தார்கள்.

"கேட்டுப் பாக்கிறன்," என்றாள் சிவமணி. "அவை மாட்டை எங்களிலும் பாக்க மரியாதையா வைச்சிருக்கினம்."

சிரிப்பு நின்றது. வரதராஜா எழுந்தார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

"ஒருக்காக் கட்டிக் குடுத்தாப் பிறகு அவை எங்களிட்டை வரமாட்டினம். மதிலும் இல்லை, பேரும் இல்லை. அவைக்கு நாங்கள் தேவையே இல்லையெண்டா, நாங்கள் என்னத்துக்குத் தங்கச்சி?"

"அதுதான் அண்ணை எனக்கு வேணும். எங்களைத் தேவையில்லாமல் பண்ணத்தான் நான் இவ்வளவு ரோல்ஸ் சுத்தினனான்." அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "இடம்பெயர்ந்து போய்க் கொட்டிலுக்கை நான் சின்னன்களுக்குப் படிப்பிச்சனான். உங்களிலை சில பேருக்குத் தெரியும். கொட்டில் போட்டுத் தந்தவை வெளியிலை ஒரு பலகை நட்டவை. ஆர் தந்தது எண்டு எழுதி. அது உள்ளுக்கை கிடந்த கரும்பலகையிலும் பெரிசு. வெள்ளைக்காரர் வந்தா நாங்கள் பிள்ளையளைக் கொண்டுபோய் அந்தப் பலகைக்கு முன்னாலை நிப்பாட்டுவம். எனக்கு அப்ப வந்த வெக்கம் இப்பவும் போகேல்லை. அதை நான் இன்னொரு ஊர்ப் பிள்ளையளுக்குச் செய்யமாட்டன்."

முன்வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"கேற்றடியிலை முதல் கல்லு என்ரை அண்ணான்ரை," என்றாள். குரல் அந்த இடத்தில் உடைந்தது. உடைந்த குரலிலேயே தொடர்ந்தாள். "அவருக்கு உலகத்திலை எங்கையும் ஒரு கல்லில்லை. அந்தக் கல்லைத்தான் நான் முதல் வேண்டாம் எண்டுறன். நீங்களும் விடுங்கோ."

கை தூக்கச் சொன்னார்கள். மதில் வேண்டும் என்பவர்கள் முதலில். கைகள் கூட்டமாக எழுந்தன. எண்ணவே தேவையில்லை. சிவமணி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். மூன்றாவது வரிசையில், நிலத்தைப் பார்த்தபடி, இந்திரகுமாரின் கையும் உயர்ந்திருந்தது.

 செயலாளர் முடிவைச் சொன்னதுகூட அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. 

பிறகு ஒலிவாங்கியைத் திரும்பவும் தன் பக்கம் இழுத்தாள்.

"நீங்கள் வெண்டிட்டியள். ஆனா காணி உங்கடை இல்லை. அந்தப் பொம்பிளையளின்ரை சம்மதமில்லாமல் ஒரு கல்லும் வைக்க ஏலாதெண்டு இந்தச் சங்கம் கையெழுத்துப் போட்டிருக்கு. அவை மதிலுக்குச் சம்மதிக்கமாட்டினம். நானும் கேக்கமாட்டன். உங்களுக்கு மதில்தான் வேணுமெண்டா இந்த மண்டபத்தைச் சுத்திக் கட்டுங்கோ. கவுன்சிலிட்டைக் கேட்டுப்போட்டு."

"இது அடாவடித்தனம்!" என்றார் வரதராஜா.

"ஓம்," என்றாள் சிவமணி.

காசு திரும்ப வேண்டியவர்கள் செயலாளரிடம் பெயரைக் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். கதிரைகள் இழுபட்டன, வரிசை கட்டியது. வரிசைக்குக் குறுக்கே மனோரமா அன்ரி மெல்ல நடந்து வந்தார். மலேசியாவிலிருந்து வந்த விதவை அவர். கணவர் பெயரில் ஒரு கல் வாங்கியிருந்தார்.

"எனக்குக் காசு வேணாம்மா," என்றார். "என் வீட்டுக்காரரு தோட்டத்துப் பள்ளியில படிச்சவரு. அங்க ஏது சுவரு? மழை வந்தா கோழியும் ஆடும் இவங்களோட ஒண்ணா நிக்குமாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அந்தக் காசு வகுப்புக்கே இருக்கட்டும்."

அவரைப் பார்த்து வேறு சிலரும் வரிசையை விட்டு விலகினார்கள். பெரும்பாலானவர்கள் விலகவில்லை.

பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். நினைத்த அளவுக்குக் கட்ட முடியவில்லை. ஆறு வகுப்பறைக்குத் திட்டம் போட்டு நான்குதான் எழும்பியது. மழைநீர்த் தொட்டியின் கூரைச் சரிவில் இருந்த பிழையைத் திருத்தி, வணக்கம்கூடப் போடாமல் ஒரு மின்னஞ்சல் வந்தது, அனுப்பியவர் வரதராஜா. அதற்குப் பிறகு அவர் சிவமணியோடு கதைப்பதில்லை, அவளும் வலியப் போய்க் கதைப்பதில்லை. குடும்பங்கள் சொன்னபடி கன்றுகளைக் கொண்டுவந்து கட்டின. மத்தியானங்களில் ஊர் மாடுகள் வகுப்பறைகளுக்கு முன்னாலேயே தண்ணீருக்குப் போகின்றன. போகிற போக்கில் விறாந்தையில் சாணம் போடுகின்றன, பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு அதை வேடிக்கை பார்க்கிறார்கள், நாஷிபாய் மேசையில் தட்டுகிறாள். ஆசிரியர்களுக்குச் சம்பளம் பட்டியிலிருந்து வருகிறது. எந்தச் சுவரிலும் யாருடைய பெயரும் இல்லை. கைவிளக்குச் சங்கத்தின் பெயர்கூட இல்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்துக்கு வெளியே, இது எதுவும் அவளுக்குத் தெரியாது. பாதிப்பேரைப் பகைத்துக்கொண்டாயிற்று, பள்ளிக்கூடம் வருமா என்பதே சந்தேகம், கட்டின புருசன் எதிராகக் கை தூக்கிவிட்டார். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இந்திரகுமார் காருக்குள் இருந்தார். கார்த் திறப்பைத் துளையில் போட்டிருந்தார், திருப்பவில்லை. சிவமணி ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"கை தூக்கினனீங்கள்."

"ஓம்."

"எனக்கு எதிரா."

"உனக்கு எதிரா இல்லை. அவனுக்காக." அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு பேசினார். "நீ சொன்னது முழுக்கச் சரி. மாடும் சரி, தண்ணியும் சரி. எனக்கு விளங்காமல் இல்லை. ஆனா எல்லாரும் கையைக் கீழை போட்டுக்கொண்டிருந்தா அவனுக்கு ஆர் இருக்கினம்? எங்கை விழுந்தானெண்டு தெரியாது. ஆர் தாட்டதெண்டு தெரியாது. எங்கையாவது ஒரு மதிலிலை அவன்ரை பேர் இருக்கட்டும் எண்டு நினைச்சன். அது பிழையோ, மணி?"

"பிழையில்லை," என்றாள். அதைச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மண்டபத்தில் அடக்கி வைத்திருந்த அவ்வளவும் வந்தது. அவர் கையைப் பிடித்தார். அவள் உதறவில்லை. ஆட்கள் காரைக் கடந்து போனார்கள், சிலர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்கட்டும் என்று இருந்தாள்.

அழுது முடிய நேரம் எடுத்தது. முடிந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ, நான் ஒண்டு கேக்கிறன். பொய் சொல்லாமல் சொல்லுங்கோ. குகனண்ணை ஒரு நாளாவது கேற்றாலை பள்ளிக்கூடத்துக்கு வந்தவரோ?"

இந்திரகுமார் அவளைப் பார்த்தார். 

"ஒரு நாளும் இல்லை," என்றார். "பின்பக்க மதிலாலை பாஞ்சு வருவான், பாஞ்சு போவான். என்னையும் கையிலை பிடிச்சு மேலை இழுத்து விடுவான். காற்சட்டை கிழிஞ்சு, வீட்டிலை அடி வாங்கி…"

"அந்த மனுசன்ரை பேரைக் கொண்டுபோய் மதிலிலை அடிக்கப் பாத்தனீங்களே!"

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். முதுகு குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அவள் கையை வைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். கண் நிறையத் தண்ணீர், ஆனாலும் சிரிப்புத்தான்.

"அடிச்சிருந்தாலும் அதிலை நிண்டிருக்கமாட்டான்," என்றார் தலையை நிமிர்த்தாமலே. "முதல் நாளே பாஞ்சிருப்பான்."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு காரை எடுத்தார்.